அடுத்த ஞாயிற்றுக்கிழமை

பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவனுக்குக் கடைசி அத்தியாயம் கல்யாணத்தில் கடைசிப் பந்தி மாதிரி. அதுவரை முன்பின்னாக எது நடந்திருந்தாலும், அந்தப் பந்தியில் பாயசம் மட்டும் குறையாமல் இருந்துவிட்டால் போகிறவர்கள் வாயார வாழ்த்திவிட்டுப் போவார்கள். என் கதைகளில் அப்படி வாழ்த்துப் பெற்ற கடைசி அத்தியாயம் ஒன்று உண்டு. அதைப் படித்துவிட்டு அழுததாக எழுதியவர்கள் பலர். அது தப்பு என்று சொன்னவர் ஒரே ஒருவர்தான். அவர் சொன்னது சரி என்று எனக்குப் புரிய வெகு நாள் ஆயிற்று. புரிந்த விதத்தை இங்கே எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன். ஒரு நாவலாசிரியன் பிறர் கதைகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கு முன் தன் கதையின் கோளாறைச் சொல்லிவிடுவது நல்லது.

கதையின் நாயகி மரியம் என்ற கிறிஸ்தவப் பெண். மலையூர் ஒன்றில் பள்ளிக்கூட ஆசிரியை. கல்யாணத்துக்கு முன் பிறந்த குழந்தையை அநாதை விடுதியில் விட்டுவிட்டு, அதை யாரிடமும் சொல்லாமல் பத்து வருஷம் வாழ்கிறாள். கடைசி அத்தியாயத்தில், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கூடியிருக்கும் சபைக்கு முன்னால் எழுந்து நின்று, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். சபை அழுகிறது. பங்குச் சாமியார் மன்னிக்கிறார். புருஷன் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறான். கோயில் மணி அடிக்கிறது. முற்றும்.

2018-இல், குறிஞ்சி பூத்த வருஷம், கொடைக்கானலில் ஒரு மாதம் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஏரிக்கு மேலே ஏறும் சாலை ஒன்றில், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் வீடு. கத்தோலிக்கர். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் அவர் டீச்சரம்மா. நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும், பழைய வார இதழ்களைக் கத்தரித்துக் கட்டி வைத்திருந்த ஒரு கட்டிலிருந்து என் கதையையே எடுத்துக் காட்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"கதை நல்லாத்தான் இருக்கு சார். ஆனா அந்தப் பொண்ணு அடுத்த ஞாயித்துக்கிழமை எப்படிக் கோயிலுக்குப் போவா?"

"அவளைத்தான் மன்னித்தாகிவிட்டதே" என்றேன்.

"சாமி மன்னிச்சிட்டாரு. பக்கத்துல முழங்கால் போட்டிருக்கிறவ மன்னிச்சாளா? அதை விடுங்க சார். அந்தப் பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு? அதையும் சேத்துல்ல ஊர் முன்னால நிறுத்திட்டீங்க."

இவ்வளவுதான். அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டார். நான் திண்ணையில் குளிரில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கிறிஸ்தவம் என்றாலே பாவத்தை வாய்விட்டுச் சொல்வதுதானே, இந்த அம்மாளுக்குத் தன் மதமே தெரியவில்லையே என்று நினைத்தேன். நான் கிறிஸ்தவன் அல்ல. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குள்ள அவசர ஞானம் எனக்கும் இருந்தது. தெரியாதது எனக்குத்தான் என்பது சில நாள் கழித்து விளங்கிற்று.

கொடைக்கானலில் சலேத்து மாதா கோயில் என்று ஒரு பழைய கோயில் இருக்கிறது. ஆகஸ்டு மாதத்து நடுவில் திருவிழா. டீச்சரம்மா அழைத்ததன் பேரில் நானும் போனேன். லூயி சேன் சீர் என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் 1866-இல் கட்டியது என்கிறார்கள். அதற்கு இருபது வருஷத்துக்கு முன், 1846 செப்டம்பர் 19-ஆம் தேதி, பிரான்ஸ் தேசத்து ஆல்ப்ஸ் மலையில் சலேத் என்ற சிற்றூருக்கு மேலே, மாடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் ஒரு பெண்ணைக் கண்டதாகச் சொன்னார்கள். மெலானி, மாக்சிமன் என்று பெயர். அவளுக்குப் பதினாலு வயது, அவனுக்குப் பதினொன்று. அவர்கள் கண்ட பெண் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாளாம். மாதாவே வந்ததாக நம்பினார்கள். 1851-இல் அந்த ஊர் ஆயர் அதை ஏற்றுக்கொண்டார். பாவிகளை இறைவனோடு சமாதானப்படுத்துகிறவள் என்பது அந்த மாதாவுக்கு வழங்கும் பட்டம்.

நம்புவதும் நம்பாததும் அவரவர் விஷயம். கதை எழுதுகிறவனாகிய எனக்கு அந்தக் கைகள்தான் மனசில் நின்றன. ஜனங்களின் பாவத்துக்காக அழ வந்தவள், யாரையும் விரல் நீட்டிச் சுட்டவில்லை. அந்தக் கைகள் அவள் முகத்தைத்தான் மூடிக்கொண்டிருந்தன.

திரும்பி வரும்போது டீச்சரம்மாவிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். பாவத்தைக் குருவிடம் சொல்வதற்குத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் வழிவழியாக வழங்கி வந்த பெயர் பாவசங்கீர்த்தனம். சங்கீர்த்தனம் என்றால் எங்கள் காதுக்கு ஜால்ராவும் மிருதங்கமுமாகப் பத்துப் பேர் கூடி உரக்கப் பாடுவது. ஆனால் அந்தக் கோயில்களில் நடப்பதோ, ஒரு தட்டிக்குப் பின்னால், ஒரே ஒரு காதுக்குள் முணுமுணுப்பது. உலகத்திலேயே சத்தம் குறைந்த சங்கீர்த்தனம் அதுதான். டீச்சரம்மா சிரித்தார். இப்போது கோயிலில் அதை ஒப்புரவு அருட்சாதனம் என்று சொல்கிறார்கள் என்றார்.

ஒப்புரவு என்ற சொல் நமக்குப் புதிதல்ல. திருக்குறளில் 22-ஆம் அதிகாரத்தின் பெயர் ஒப்புரவறிதல். உலகத்தோடு ஒத்து, பிறருக்கு உதவி வாழ்வதைச் சொல்வது அது. ஆக, ஒரே காரியத்துக்கு இரண்டு பெயர்கள். பழைய பெயர் சொல்லுவதைக் குறிக்கிறது. புதிய பெயர் சரிக்கட்டுவதைக் குறிக்கிறது. முதலாவது காதோடு நடப்பது. இரண்டாவது உலகத்தில் நடப்பது. நான் என் கதையில் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டேன். காதில் சொல்ல வேண்டியதை ஊருக்குச் சொல்ல வைத்தேன். ஊரில் செய்ய வேண்டியது எதையுமே மரியம் செய்யவில்லை.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நமக்குத் தெரிந்த பெரிய கதைகள் சிலவற்றைப் பார்க்கலாம்.

விக்டர் ஹியூகோவின் நாவல் 1862-இல் வெளிவந்தது. சுத்தானந்த பாரதியார் அதைத் தமிழில் 'ஏழை படும் பாடு' என்று கொடுத்தார். 1950-இல் அதே பெயரில் படமாக வந்து, நாகையாவைப் பார்த்துத் தமிழ்நாடு கண்ணீர் விட்டது. அதில் ஜாவராக நடித்த சீதாராமனுக்குக் கடைசிவரை ஜாவர் சீதாராமன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கதை எல்லாருக்கும் தெரியும். சிறையிலிருந்து வந்த ஜான் வால்ஜானுக்கு ஒரு பிஷப் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுக்கிறார். அவன் வெள்ளிச் சாமான்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். போலீஸார் பிடித்து வந்து நிறுத்துகிறார்கள்.

இந்த இடத்தில் பிஷப் செய்வதைக் கவனிக்க வேண்டும். போலீஸார் முன்னிலையில், எல்லாருக்கும் கேட்கும்படி, வெள்ளியை நான்தான் கொடுத்தேன், விளக்குத் தண்டுகளையும் கொடுத்தேனே, அவற்றை ஏன் விட்டுப் போனாய் என்கிறார். இது சுத்தப் பொய். போலீஸார் போன பிறகு அவனருகே வந்து, தணிந்த குரலில், இந்தப் பணத்தைக் கொண்டு யோக்கியனாக வாழ வேண்டும் என்கிறார். பொய்யை உரக்கச் சொல்லுகிறார்; உண்மையை மெல்லச் சொல்லுகிறார். பிஷப்புக்கு உபதேசம் செய்ய நல்ல சந்தர்ப்பம் வாய்த்திருந்தது. கேட்க ஆட்களும் இருந்தார்கள். 'நீ திருடினாய், ஆனாலும் மன்னித்தேன்' என்று சபையறியச் சொல்லியிருந்தால் பிஷப்பின் பெருமை உயர்ந்திருக்கும். வால்ஜான் மன்னிக்கப்பட்ட திருடனாக வெளியே போயிருப்பான். மன்னிக்கப்பட்ட திருடனும் ஊருக்குத் திருடன்தான்.

நம் தமிழில் இதற்கு இணையான ஒரு காட்சி உண்டு. அது கிறிஸ்தவக் கதையல்ல. ஒரு பிராமண விதவைத் தாய் அதில் பிஷப்பின் இடத்தில் நிற்கிறாள். ஜெயகாந்தன் 1966-இல் ஆனந்த விகடனில் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதையைச் சொல்கிறேன். மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரி மாணவியைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஒருவன் கெடுத்துவிடுகிறான். அவள் வீட்டுக்கு வந்து தாயிடம் சொல்லுகிறாள். தாய் முதலில் எல்லாத் தாய்மார்களையும் போலவே அலறி அடிக்கிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துக் குடித்தனக்காரர்கள் என்ன என்று விசாரிக்கிறார்கள். அந்த விநாடியில் தாய் மாறுகிறாள். பெண் மழையில் தெப்பமாக நனைந்து வந்துவிட்டாள், அதற்குத்தான் திட்டினேன் என்ற பொருளில் ஏதோ சொல்லி அவர்களை அனுப்பிவிடுகிறாள். பிறகு மகளை உள்ளே அழைத்துப் போய்த் தலையில் தண்ணீர் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள்.

அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் அன்று தமிழ்நாடு முழுவதும் சண்டை போட்டது. தண்ணீர் ஊற்றினால் போய்விடுமா என்று கேட்டார்கள். என்னைக் கேட்டால், கதையின் உயிர் தண்ணீரில் இல்லை. அதற்கு முன்னால் அடுத்த வீட்டுக்காரர்களிடம் சொன்ன அந்தப் பொய்யில் இருக்கிறது. பிஷப்பின் பொய்யும் இந்த அம்மாளின் பொய்யும் ஒரே ஜாதி. அந்தப் பொய் இல்லாவிட்டால் குடம் குடமாகக் கங்கையைக் கொட்டினாலும் பிரயோஜனமில்லை.

இதை நான் சும்மா சொல்லவில்லை. ஜெயகாந்தனே அடுத்தபடி எழுதிக் காட்டிவிட்டார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல், 1970-இல் புத்தகமாக வந்து 1972-இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது, அதே சம்பவத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரே ஒரு மாற்றம். இந்தத் தாய் பொய் சொல்லவில்லை. கூச்சல் போட்டுவிடுகிறாள். ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். கங்கா படிக்கிறாள், பெரிய உத்தியோகம் பார்க்கிறாள், கைநிறையச் சம்பாதிக்கிறாள். ஆனால் அந்த இரவிலிருந்து அவள் வெளியே வருவதே இல்லை. நடந்த சம்பவம் ஒன்று; கேட்ட காதுகளின் எண்ணிக்கை வேறு; வாழ்க்கையும் வேறாகிவிட்டது. இப்படி ஒரே கணக்கை இரண்டு விதமாகப் போட்டுக் காட்டிய எழுத்தாளர் வேறு பாஷையிலும் அதிகம் இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இங்கே வாசகர்களில் ஒருவர், முக்கியமாகப் பெண் வாசகர் ஒருவர், என்னை மறித்துக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் எனக்கு ஏமாற்றம். "அப்படியானால் அந்தக் காரில் வந்தவன் என்ன ஆனான்? அம்மா போட்ட திரை அவனையும் சேர்த்தல்லவா மறைக்கிறது?"

நியாயமான கேள்வி. முதலாவது, அந்தப் பெண் பாவமே செய்யவில்லை. பாதிக்கப்பட்டவள். அவளுக்கு மன்னிப்பு எதற்கு? தாய் கழுவியது மகளின் அழுக்கையல்ல, ஊர் அப்பப் போகிற அழுக்கை. இரண்டாவது, ரகசியம் என்பது கத்தி மாதிரி. யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அதன் குணம்.

இதைக் கண்டுகொண்டவர் அமெரிக்க நாவலாசிரியர் ஹாதார்ன். 1850-இல் அவர் எழுதிய 'ஸ்கார்லெட் லெட்டர்' பதினேழாம் நூற்றாண்டு பாஸ்டன் நகரத்துக் கதை. புருஷன் அருகில் இல்லாத ஹெஸ்டர் குழந்தை பெற்றாள் என்று, அவள் மார்பில் சிவப்புத் துணியில் ஓர் எழுத்தைத் தைத்து, கைக்குழந்தையோடு மேடையில் ஏற்றி, ஊரே பார்க்க நிற்க வைக்கிறார்கள். அந்தக் குழந்தைக்குத் தகப்பன் யார் என்று சொல்லும்படி அவளைக் கேட்கிற பாதிரியார்தான் அந்தத் தகப்பன்! பெண்ணின் பாவம் மார்பில் எழுதியிருக்கிறது. ஆணின் பாவம் அங்கிக்குள் இருக்கிறது. வெளியே தெரிந்தவள் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் உழைத்து உழைத்து, கடைசியில் அந்த எழுத்துக்கே ஊர் நல்ல அர்த்தம் சொல்லும்படி செய்துவிடுகிறாள். மறைத்தவர் உள்ளுக்குள் அரித்துப் போகிறார். நடுவில் ஒரு வைத்தியரும் இருக்கிறார். ஹெஸ்டரின் புருஷனான அவர் வேறு பெயரில் வந்து, பாதிரியாரின் ரகசியத்தைத் தெரிந்துகொண்டு, அவருக்கே மருந்து கொடுத்துக்கொண்டு, ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக வதைக்கிறார். தெரிந்துகொள்வது மாத்திரம் குணப்படுத்தாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அதே பாஸ்டன் நகரில், 2002-இல், ஒரு பத்திரிகை வேறொரு ரகசியத்தை உடைத்தது. சபை வேறு, காலம் வேறு. குழந்தைகளிடம் தகாதபடி நடந்துகொண்ட கத்தோலிக்கக் குருமார்களை மேலதிகாரிகள் ஊர் ஊராக மாற்றி, பல வருஷம் மூடி மறைத்து வந்தது வெளியாயிற்று. அவமானம் வேண்டாம் என்றுதான் அங்கேயும் சொல்லியிருப்பார்கள். யாருக்கு அவமானம் வேண்டாம் என்பதுதான் கேள்வி. அடிபட்ட குழந்தையின் முகத்தைக் காப்பாற்றுவது கருணை. அடித்தவனின் முகத்தையும் அவன் ஸ்தாபனத்தின் முகத்தையும் காப்பாற்றுவதற்குக் கருணை என்று பெயர் சூட்டினால், அது இன்னொரு முறை அடிப்பது.

கிறிஸ்தவ சரித்திரத்தைப் புரட்டினால் இந்த வித்தியாசம் அவர்களுக்கு ஆதியிலேயே தெரிந்திருக்கிறது என்று காண்கிறோம். 390-ஆம் வருஷம் தெசலோனிக்கா நகரத்தில் ஆயிரக்கணக்கான ஜனங்களைக் கொன்று குவிக்கக் காரணமாயிருந்த ரோமாபுரிச் சக்கரவர்த்தி தியோடோசியஸை, மிலான் நகரத்து ஆயர் அம்புரோஸ் பகிரங்கமாகப் பிராயச்சித்தம் செய்ய வைத்தார். சக்கரவர்த்தி ராஜ உடைகளைக் களைந்து சபையின் முன் அழுதார். ஆனால் 459-இல் பாப்பரசர் முதலாம் லியோ, பாவம் செய்த சாதாரண ஜனங்களின் குற்றங்களை எழுதி வாங்கிச் சபையில் வாசிக்கும் வழக்கத்தைக் கண்டித்து, கூடாது என்று எழுதினார். குருவிடம் தனியாகச் சொன்னால் போதும் என்றார். 1215-இல் ரோமில் கூடிய நாலாவது லாத்தரன் சங்கம், கேட்டதை வெளியே சொல்லும் குருவுக்குக் கடும் தண்டனை விதித்தது. பதினாறாம் நூற்றாண்டில், தட்டியோடு கூடிய பாவசங்கீர்த்தனத் தொட்டியை வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் பொரோமேயோ. அவரும் மிலான் நகரத்துப் பேராயர்தான். ஒரே ஊர் ஆயர்கள் இருவர். ஒருவர் சக்கரவர்த்தியை வெளியே நிறுத்தினார், மற்றவர் சாமானியனுக்குத் திரை போட்டார்.

நம் ஊர் வழக்கம் இதற்கு நேர் எதிர். ஏழைப் பெண் ஒருத்தி தவறினாள் என்றால் பஞ்சாயத்தைக் கூட்டி, நடுவில் நிறுத்தி, காலில் விழ வைப்போம். பெரிய மனிதர் ஊரையே விழுங்கினால், 'பாவம், குடும்பஸ்தர், வெளியே தெரிந்தால் நன்றாயிருக்காது' என்று அந்தரங்கமாகப் பேசி முடிப்போம்.

சுவிசேஷத்தில் யோவான் எட்டாம் அதிகாரத்தில் வருகிற சம்பவத்தை எல்லாரும் அறிவார்கள். விபசாரத்தில் பிடிபட்டதாக ஒரு பெண்ணை இழுத்துவந்து நடுவில் நிறுத்துகிறார்கள். கூட இருந்த ஆணை அழைத்து வரவில்லை. இயேசு குனிந்து தரையில் விரலால் எழுதிக்கொண்டிருக்கிறார். என்ன எழுதினார் என்று பண்டிதர்கள் ஆராய்கிறார்கள். எனக்கு எழுதியதைவிடக் குனிந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. எல்லாக் கண்களும் அவள்மேல் இருக்கும்போது, அவர் கண் மட்டும் தரையில் இருக்கிறது. பெரியவர்கள் முதலாக ஒவ்வொருவராகக் கழன்று போனபின், கூட்டம் கலைந்தபின்தான், அவளோடு பேசுகிறார். மன்னிப்பு நடந்தபோது சாட்சிக்காரர்கள் யாரும் இல்லை.

ஆனால் லூக்கா சொல்லும் சகேயு என்ற வரி வசூல்காரன் விஷயத்தில் நடப்பது வேறு. இயேசு அவன் பாவங்களைப் பட்டியல் போடவில்லை. அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறார். அவனே எழுந்து நின்று, யாரிடம் ஏமாற்றி வாங்கினேனோ அவர்களுக்கு நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்று எல்லாரும் அறியச் சொல்லுகிறான். அவமானத்துக்கு அங்கே இடமில்லை. பாக்கி தீர்ப்பதுதான் பகிரங்கம்.

ஹியூகோவும் இதைத் தவற விடவில்லை. வால்ஜான் பெயர் மாற்றிக்கொண்டு நகரசபைத் தலைவராகிவிடுகிறான். அவன் ரகசியத்தைப் பிஷப் கல்லறைக்கே கொண்டு போய்விட்டார். நிம்மதியாக இருந்திருக்கலாம். அப்போது, வேறொரு அப்பாவியை வால்ஜான் என்று நினைத்து அராஸ் நகரக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். வால்ஜான் இரவெல்லாம் தவித்து, வண்டியேறிப் போய், நான்தான் வால்ஜான் என்று நியாயஸ்தலத்தில் சொல்லுகிறான். தன் ரகசியத்தின் விலையை இன்னொருவன் கொடுக்கிற நாள் வந்தால், அதை உடைக்க வேண்டும். உடைக்க வேண்டியவன் குற்றவாளியே தவிர, அவனை மன்னித்தவரல்ல. பிஷப்பின் பொய்யையும் வால்ஜானின் உண்மையையும் சேர்த்துப் படிக்காதவர்கள் அந்த நாவலில் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

'அக்கினிப் பிரவேச'த்தில் இல்லாதது இந்த அராஸ் கோர்ட்டுதான். சிறுகதையில் அதற்கு இடமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் காரில் வந்தவன் காரிலேயே போய்விட்டான் என்பது ஒரு முள்ளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆசிரியருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். நாவலில் கங்கா அவனைத் தேடிப் போகிறாள்.

கொடைக்கானலிலிருந்து நான் பழனி வழியாக இறங்கினேன். கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து சமவெளியைத் தொட்டதும் வெயில் முகத்தில் அடித்தது. அடிவாரத்தில் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். கிழவர், குழந்தை, இளம் பெண்கள். யாருக்கு என்ன வேண்டுதலோ, எந்த வியாதி தீர்ந்ததோ, எந்தத் தப்புக்குப் பிராயச்சித்தமோ! 693 படி ஏறுகிற அந்தக் கூட்டத்தில் ஒருவரும் பக்கத்துத் தலையைப் பார்த்து, நீ எதற்காக முடி கொடுத்தாய் என்று கேட்பதில்லை. செய்கிற காரியம் ஊரறிய நடக்கிறது. காரணம் முருகனுக்கும் அவருக்கும் இடையில் இருக்கிறது. மேலே மலையில் டீச்சரம்மா சொன்னதைக் கீழே மலையடியில் என் சொந்த ஜனங்களும் ஒரு வார்த்தை பேசாமல் செய்துகொண்டிருந்தார்கள். நான்தான் இரண்டையும் பார்க்காமல் கதை எழுதியிருக்கிறேன்.

என் மரியத்துக்கு வருகிறேன். அவள் சபையில் எழுந்து நின்று சொன்னபோது அழுதவர்கள் யார்? வாசகர்கள். அதாவது, அவளுடைய அவமானத்தை நான் வாசகர்களின் கண்ணீருக்கு விற்றிருக்கிறேன். ஒரு கதாசிரியன் தன் பாத்திரத்துக்குச் செய்யக்கூடிய துரோகம் அது. பிஷப்புக்குக் கிடைத்த அதே சந்தர்ப்பம் எனக்கும் கிடைத்தது. நான் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று உரக்கப் பேசிவிட்டேன். அதைவிடப் பெரிய குற்றம் அந்தக் குழந்தை விஷயத்தில். அதே ஊர் விடுதியில் பத்து வயதாக வளர்கிற பையன் அவன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அவனை என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நான் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. அந்த ரகசியத்தில் அவனுக்கும் பாதிப் பங்கு உண்டு. அவனைக் கேட்காமல் அதை உடைக்க மரியத்துக்கு உரிமையில்லை. எனக்கு நிச்சயமாக இல்லை.

கதை புத்தகமாக வருகிற சமயம் வந்தது. கடைசி அத்தியாயத்தை எடுத்துவிட்டு வேறு எழுதப் போகிறேன் என்றதும் பதிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஜனங்கள் அழுததே அந்த இடத்தில்தான், அதை எடுத்தால் புத்தகம் எப்படி விற்கும் என்றார். அவர் கவலை அவருக்கு. நான் எடுத்துவிட்டேன். புதிய அத்தியாயத்தில் மரியம் ஒரு சனிக்கிழமை மாலை, கூட்டமில்லாத கோயிலில், தட்டிக்குப் பின்னால் சொல்லவேண்டியதைச் சொல்லுகிறாள். என்ன சொன்னாள் என்பதை நானும் எழுதவில்லை. வீட்டுக்குப் போய் விளக்கை வைத்துவிட்டுப் புருஷனிடம் சொல்லுகிறாள்; அது அவனுக்குத் தெரிய வேண்டிய விஷயம். திங்கட்கிழமை முதல், பள்ளிக்கூடம் விட்டதும், விடுதிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறாள். அதை ஊரே பார்க்கிறது. டீச்சர் நல்ல மனசுக்காரி என்று சொல்லுகிறது. அந்தப் பையனுக்கு எப்போது, எப்படிச் சொல்லுவது என்பதை அவளும் புருஷனும் இன்னும் பேசி முடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கமான இடத்தில் முழங்கால் போடுகிறாள். பக்கத்திலிருக்கிறவள் தள்ளி இடம் கொடுக்கிறாள்.

இதைப் படித்து யாரும் அழவில்லை. முடிவு சப்பென்று இருக்கிறது என்று எழுதியவர்களும் உண்டு. இருக்கட்டும்.

டீச்சரம்மாவுக்குப் புத்தகம் ஒன்று அனுப்பினேன். பதில் கார்டு வந்தது. கொடைக்கானலில் ஒரு வாரமாக விடாத மழை என்றும், புத்தகத்தின் பைண்டிங் மட்டமாயிருக்கிறது, ஏடுகள் கழன்று வருகின்றன என்றும், கடைசி அத்தியாயத்தை இரண்டு முறை படித்ததாகவும் எழுதியிருந்தார். முதல் நாள் திண்ணையில் அந்தக் கேள்வியை ஏன் அவ்வளவு சீக்கிரம் கேட்டார், அது அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பல முறை தோன்றியதுண்டு. நான் கேட்கவில்லை.